கோடையில் நாய்களுக்குத் தேகப்பயிற்சி

திருவண்ணாமலை பஞ்சபூதத் தலங்களுள் அக்கினித் தலமெனப் போற்றப்படுவது. அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் வாழ்வோருக்கு வெயிலின் கடுமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. சித்திரை மாதம் 21-ஆம் தேதிவாக்கில் தொடங்கி வைகாசி நடுப்பகுதி வரை நீடிக்கும் கத்திரி காலத்தில் ஏர் மாடுகளை முற்பகலிலேயே நுகத்தினின்று அவிழ்த்துவிடுவதும், எருமைகளைக் குட்டையில் இறக்கிவிடுவதும், ஆடுகளை நண்பகலில் புளியமரத்தடியில் மடக்குவதும் குடியானவர்களுக்குப் பரம்பரையாக வந்த அறிவு. இந்த விவேகம் நாய் விஷயத்தில் மாத்திரம் காட்டப்படுவதில்லை.

வேர்க்கடலைக் கொல்லையையும் கரும்புத் தோட்டத்தையும் இராமுழுதும் காத்து நின்ற நாய், பொழுது விடிந்த பின் எஜமானனுடைய மோட்டார் சைக்கிளைத் தொடர்ந்து ஊருக்கும் கழனிக்குமாக ஓடுகிறது. சில வாலிபர்கள், நாய்க்கு வேகம் கூடும் என்று கருதி, அதன் கழுத்துக் கயிற்றை வண்டியிலேயே பிணைத்து முடுக்குகின்றனர். ஒரு நாள் அந்த நாய் வரப்போரத்தில் தள்ளாடி விழுந்து, வாயில் நுரை கக்கி, இரத்தமாகக் கழிந்து உயிர் துறக்கிறது. பாம்பு தீண்டிற்று என்பார் சிலர். எவனோ விஷம் வைத்துவிட்டான் என்று அண்டை நிலத்துக்காரன்மேல் சந்தேகங்கொள்வார் வேறு சிலர். வாய்ச்சண்டை முற்றி விவகாரம் கிராம அலுவலர் முன்பும் போலீஸ் நிலையத்துக்கும் செல்வதுண்டு. இம்மரணங்களில் சில உண்மையில் பாம்பாலும் விஷத்தாலும் நேர்ந்தவையாகவே இருக்கலாம். ஆயினும் கோடைக்காலத்தில், ஓட்டத்துக்குப் பின், பட்டப்பகலில், இவ்விதமாக மாண்ட நாயைக் கண்டால் முதன்முதல் சந்தேகிக்கப்பட வேண்டியது வெயிலேயன்றி அண்டை வீட்டான் அல்லன்.

வெயிலுக்கு அஞ்சி நாயைக் கட்டிப்போட்டு விடுதலும் சரியான வழியன்று. ஓட்டமும் நடையுமின்றிச் சங்கிலியிலேயே கிடக்கும் நாய் சதை தளர்ந்து கொழுப்பு மிகும். குணமும் கெட்டு வீட்டாரையே கடிக்கத் துணியும். 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டமும் இதனைக் கவனித்திருக்கிறது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குத் தக்க அளவு தேகப்பயிற்சி அளிக்கத் தவறும் உரிமையாளன் அச்சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றவாளியாகிறான். சங்கிலியில் கட்டிவிட்டதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர் அறிய வேண்டிய செய்தி இது. ஆகவே பயிற்சி அளிக்கலாமா கூடாதா என்பதல்ல, எப்பொழுது, எந்தத் தரையில், எவ்வளவு என்பதே கேள்வி.

நாயின் தேக உஷ்ணம்

ஆரோக்கியமான நாயின் உடல் உஷ்ணம் 101 முதல் 102½ டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். மனிதனுக்குக் காய்ச்சல் என்று சொல்லத்தக்க அளவு நாய்க்கு இயல்பு நிலையாகும். உடல் அசையுந்தோறும் உஷ்ணம் உண்டாகிறது. தசைகள் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நாலிலொரு பங்கே ஓட்டமாகவும் பாய்ச்சலாகவும் பயன்படுகிறது. எஞ்சியதெல்லாம் வெப்பமாக மாறி உடலிலேயே தங்குகிறது. மனிதனுக்கும் குதிரைக்கும் உடல் முழுதும் வியர்வை சுரந்து அந்த வெப்பத்தை வெளியேற்றுகிறது. நாய்க்கோ பாதத்தின் மெத்தைகளில் மாத்திரமே சிறிது வியர்க்கும். அது உடலைக் குளிர்விக்கப் போதாது. நாக்கைத் தொங்கவிட்டு நிமிஷத்துக்கு இருநூறு, முந்நூறு தடவை இளைப்பதே அதற்குள்ள பெரிய உபாயம். மூக்கினுள்ளும் வாயிலும் நாக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகிப் போகும்போது வெப்பத்தையும் உடன் கொண்டு போகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கலோரி உஷ்ணம் தேவை. மண்பானையின் நீர் குளிர்வதும் இதே காரணத்தினால்தான்.

இதனின்று இரண்டு விஷயங்கள் விளங்கும். தண்ணீர் இல்லாத நாய் இளைத்தும் பயனில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால், தண்ணீர் குடித்த நாய்க்கும் இளைப்பு முழுப் பயனைத் தராது. கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாட் புழுக்கத்தில், வெயில் தணிந்தாற்போல் தோன்றினும், நாய்க்கு ஆபத்து தணிந்துவிடுவதில்லை. காட்டுப்பன்றியைத் துரத்திக்கொண்டு கரும்புத் தோட்டத்தினுள் நாயை ஏவுவோர் இதனை முக்கியமாக நினைவிற்கொள்ள வேண்டும். பாய்ந்த தண்ணீரின் ஆவி நிறைந்து, காற்றோட்டம் சிறிதுமின்றி, ஆளுயரம் வளர்ந்து நிற்கும் கரும்பினுள்ளே பகலில் கால் மணி நேரம் ஓடும் நாய் வெட்டவெளியில் ஓடும் நாயைக் காட்டிலும் விரைவில் தளர்ந்து விழக்கூடும்.

உடல் உஷ்ணம் 105 டிகிரியைத் தாண்டினால் அபாயம் தொடங்குகிறது. 106-க்கு மேற்பட்டால் குடல், சிறுநீரகம், மூளை, இரத்தம் உறையும் தன்மை ஆகிய யாவும் பழுதடையத் தலைப்படும். மேற்கூறிய இரத்தக் கழிச்சல் இதன் விளைவேயன்றி விஷத்தின் அடையாளமாகவே இருக்க வேண்டுவதில்லை. காற்றோட்டமில்லாத மோட்டார் வண்டியில் அடைபட்டே நாய்கள் இவ்விதம் மடிகின்றன என்பது நகரங்களில் பரவியுள்ள எண்ணம். அப்படி அடைத்து வைப்பது கொடியதே. ஆனால் குளிர் நாடாகிய பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களின் நோய்க் குறிப்புகளை ஆராய்ந்து 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், உஷ்ணத்தால் நாய்களுக்கு நேரும் நோயில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு தேகப்பயிற்சியினாலேயே விளைந்ததாகக் கண்டனர். அந்நாட்டு வெயிலுக்கே இவ்வாறெனில் செங்கம், போளூர், தண்டராம்பட்டுப் பக்கங்களின் வெயிலுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாலை நேரம் என்னும் மயக்கம்

வெயிலை அளக்க மனிதன் தன் தலையையும் முகத்தையும் நம்புகிறான். நாயின் வயிறோ தரைக்கு ஒரு முழ உயரத்தில் இருக்கிறது. பாதம் தரையிலேயே இருக்கிறது. ஆதலால் நாய்க்குரிய உஷ்ணம் காற்றின் உஷ்ணமன்று, தரையின் உஷ்ணமே. காற்று 95 டிகிரியாக உள்ள பகலில், நேர் வெயில் படும் தார்ச்சாலை 140 டிகிரியையும் தாண்டிச் சுடும். சிமெண்டுத் தரை அதனினும் சற்றுக் குறைவு. செம்மண் தடம் இன்னும் குறைவு. மரநிழலில் உள்ள புல் தரை ஏறக்குறைய காற்றின் உஷ்ணத்தையே ஒத்திருக்கும்.

பலரும் தவறுமிடம் மாலைப் பொழுது. ஐந்து மணிக்கு வெயில் சாய்ந்ததும் நாயை அவிழ்த்துக்கொண்டு புறப்படுவது வழக்கமாக இருக்கிறது. தாரும் கருங்கல்லும் பகலெல்லாம் உண்ட வெப்பத்தை வெயில் இறங்கிய பின்பும் நெடுநேரம் வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். அண்ணாமலையோ ஏறக்குறைய 800 மீட்டர் உயரமுள்ள பாறை மலை. அதன் அடிவாரத்துத் தெருக்களில் இராக்காலத்திலும் அனல் வீசுவதை ஊரார் அறிவார்கள். சென்னையில் பிற்பகலில் எழும் கடற்காற்றின் உதவியும் இவ்வுள்நாட்டுக்கு எதிர்பார்க்கத்தக்கதன்று. இராமுழுதும் ஆறிய தரை அதிகக் குளிர்ச்சியடைவது சூரியோதயத்துக்குச் சற்று முன்னரே. மே மாதத்தில் திருவண்ணாமலையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுவதால், நாலரை மணியிலிருந்து ஆறு மணி வரையுள்ள காலமே நாய்க்கு உரிய காலம் என்று கொள்ளலாம். தினத்தில் ஒரு வேளைதான் பயிற்சி அளிக்கக் கூடுமானால் அது அதிகாலையாகவே இருக்கட்டும். மாலையில் அழைத்துச் செல்லத்தான் வேண்டுமெனில் இரவு போஜனத்துக்குப் பின், ஒன்பது மணிக்கு மேல், தெருமுனை வரை சென்று மலஜலம் கழித்துத் திரும்பும் அளவு போதும்.

தரையைச் சோதிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணும் வரை பொறுக்க முடியாவிடில் அத்தரையில் நாயின் பாதமும் பொறுக்காது. செருப்பணிந்து செல்பவருக்கு இச்சோதனை அவசியம். நாய் நடக்கையில் காலை மாற்றி மாற்றித் தூக்குவதும், சாலையை விட்டு ஓரப் புல்லுக்கு இழுப்பதும் பிடிவாதமல்ல. அதன் பாதம் வேகிறது. வெந்த மெத்தை உரிந்து சீழ் கொண்டால் காவல் வேலைக்கு அந்த நாய் பல நாட்கள் உதவாது.

கிரிவலப் பாதையும் நாய்களும்

திருவண்ணாமலைக்கு வந்தவர் எவரும் காணும் காட்சி ஒன்றுண்டு. 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் யாத்திரிகர் ஒருவரைத் தெருநாய் ஒன்று தானாகவே தொடர்ந்து செல்லும். இது புதிய வழக்கமன்று. ரமண மகரிஷி மலைமேல் கந்தாசிரமத்தில் வாழ்ந்த காலத்தில், அதாவது 1922-ஆம் ஆண்டுக்கு முன், அங்கிருந்த கமலா என்னும் பெண் நாய் புதிதாக வந்தவர்களை மலையைச் சுற்றி அழைத்துச் சென்று தீர்த்தங்களையும் சன்னிதிகளையும் காட்டித் திரும்ப அழைத்து வரும் என்று அவருடைய சரித்திரத்தில் காண்கிறோம். ஜாக்கி என்ற மற்றொரு நாய்க்கு ரமணாசிரமத்திலேயே சமாதி எழுப்பப்பட்டிருக்கிறது. நாயை அன்போடு நோக்கும் வழக்கம் இவ்வூருக்கு அந்நியமானதன்று.

எனினும் இன்றைய கிரிவலச் சாலை பகல் வேளையில் நாய்க்குத் தகுந்த பயிற்சிக் களம் ஆகாது. தார்ச்சாலை சுடும், வாகனங்கள் மிகுதி. பௌர்ணமி இரவுகளில் லட்சக்கணக்கான மக்கள் நெருங்கி நடக்கும் கூட்டத்தில் வீட்டு நாயை அழைத்துச் செல்வது மிதிபடவும் காணாமற்போகவும் இடமளிப்பதாகும். பதினான்கு கிலோமீட்டர் என்பது பழக்கமில்லாத நாய்க்குச் சிறிய தூரமுமன்று. எஜமானன் நடக்கும் வரை நாயும் நடக்கும். தன்னால் இயலவில்லை என்று முன்கூட்டி நின்று அறிவிக்கும் குணம் நாய்க்கு இல்லை. விழும் வரையில் பின்தொடர்வதே அதன் இயல்பு. தெருநாய் தொடர்ந்து வருவதைக் கண்ட யாத்திரிகர், அட்டலிங்கச் சன்னிதிகளில் ஏதேனும் ஒன்றில் நின்று, அதற்குத் தண்ணீர் காட்டி, அது தன் எல்லைக்குத் திரும்பும்படி விட்டுவிடுதல் நலம்.

சாலையை விட்டு மலைச் சரிவின் காட்டுக்குள் நாயை அவிழ்த்துவிடுதல் இன்னும் தவறு. அது காப்புக்காடு, அங்கே புள்ளிமான்கள் வாழ்கின்றன. நாய்கள் துரத்திக் கடித்து மான்கள் மடிந்த சம்பவங்கள் இப்பகுதியில் உண்டு. அன்றியும், முற்காலத்தில் முயல் வேட்டையே நாய்க்குப் பயிற்சி என்றிருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அதற்கு இடமில்லை. கொல்லையில் கண்ட முயலின்மேல் நாயை ஏவுவதும் குற்றமேயாம்.

நாட்டு நாய்க்கு வெயில் உறைக்காது என்னும் எண்ணம்

இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாட்டு இனங்கள் இப்பொழுது மறுபடியும் மதிப்புப் பெற்று வருகின்றன. 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் இராஜபாளையமும் ஒன்று. குட்டை மயிரும், ஒடுங்கிய வயிறும், நீண்ட கால்களும், நீண்ட மூக்கும் உடைய இந்நாய்கள் சைபீரியாவின் ஹஸ்கியையும், மூக்குச் சப்பையான பக் நாயையும் விட இவ்வெயிலைத் தாங்கும் என்பது உண்மையே. மூக்குச் சப்பையான நாய்க்கு இளைப்பதற்குரிய காற்று வழியே குறுகலாதலின், அதனைக் கோடையில் ஓட விடுவது கொலைக்கு ஒப்பாகும். அத்தகைய நாய்களைப் பணக்கார வீடுகளில் கௌரவத்துக்காக வாங்கி வைப்பது, குளிர்சாதன அறையில் அவற்றைச் சிறைவைப்பதிலேயே முடிகிறது.

ஆனால் தாங்கும் என்பது வேறு, உறைக்காது என்பது வேறு. பந்தயத்துக்கென்று பழக்கும் சிப்பிப்பாறை நாய், ஆவேசத்தோடு முழு வேகத்தில் ஓடும்போது சில நிமிஷங்களிலேயே தன் உடல் உஷ்ணத்தை அபாய அளவுக்கு ஏற்றிக்கொள்ள வல்லது. வேகமே அதன் சத்துரு. இராஜபாளையத்தின் வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் காண அழகாயினும், மூக்கும் காதோரமும் வெயிலில் கன்றிப் புண்படக்கூடியவை. இவ்வினத்தில் சில பிறவிச் செவிடாகவும் இருப்பதால், கயிறின்றி விட்டபின் கூவி அழைத்து நிறுத்த இயலாது.

பாலைவனத்து மக்கள் இவ்விஷயத்தில் நடந்துகொள்ளும் முறை கவனிக்கத்தக்கது. அரேபியாவின் பெதூயின் மக்கள் சலூக்கி என்னும் வேட்டை நாயை நெடுங்காலமாக வளர்த்து வருகின்றனர். வெயிலுக்கென்றே படைக்கப்பட்டாற்போன்ற மெல்லிய உடல் வாய்ந்த அந்நாயையுங்கூட, வேட்டைக்களம் சேரும் வரை சுடுமணலில் நடத்திச் செல்லாமல் ஒட்டகத்தின்மேல் ஏற்றிச் செல்வது அவர்களுடைய பழைய வழக்கம். பாலைவனத்து நாய்க்கே ஒட்டகச் சவாரி கொடுத்தவர்கள், நாட்டு நாய்க்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லும் நம்மவரைக் கண்டால் வியப்பார்கள்.

பயிற்சியின் அளவும் முறையும்

நாயின் உடல் வெயிலுக்குப் பழகுவதற்குக் காலம் வேண்டும். ஓரளவு பழகப் பத்து முதல் இருபது நாட்களும், முற்றும் பழக இரண்டு மாதம் வரையும் ஆகும். ஆதலால் கத்திரியைக் காட்டிலும், மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் திடீரென்று வெயில் ஏறும் முதல் வாரங்களே பழகாத நாய்க்கு அதிக ஆபத்தானவை. கார்த்திகை முதல் தை வரை ஒரு மணி நேரம் ஓடி விளையாடிய நாய்க்கு, மாசி மாதத்திலிருந்து நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தும் ஓட்டத்தை நடையாக மாற்றியும் வர வேண்டும். மலைப்பாங்கான ஊரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கோடையில் வாங்கி வந்த நாயை முதல் மூன்று வாரம் தெருவைத் தாண்டி அழைத்துச் செல்லாதிருத்தல் உசிதம்.

கத்திரியில் வயது வந்த ஆரோக்கியமான நாய்க்கு விடியுமுன் இருபது அல்லது முப்பது நிமிஷ நடை போதுமானது. குட்டி, கிழ நாய், சினை நாய், பருத்த நாய் ஆகியவற்றுக்கு இதில் பாதி. இராக்காவல் செய்யும் கொல்லை நாய்க்கு இதுவும் தேவையில்லை. அது இரவெல்லாம் வேலியைச் சுற்றியதே பயிற்சி. பகலில் அதற்கு வேண்டுவது நிழலும் தூக்கமும். தகரக் கொட்டகை நிழலாகாது என்பதையும் சொல்ல வேண்டும். வேப்பமரத்தடியில் ஈர மண்ணைத் தோண்டிப் படுக்க விட்டால் நாய் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். அவ்வாறு தோண்டுவதைக் கண்டு அடிப்பவர்களும் இருக்கிறார்கள்!

உண்ணி மொய்த்த நாய்க்கு ஓட்டம் கூடாது. உண்ணியினால் பரவும் காய்ச்சலில் இரத்தம் குன்றியிருப்பதால் அது சிறிது உழைப்புக்கும் களைத்து விழும். சோர்ந்த நாயைச் சோம்பேறி என்று விரட்டுவதற்கு முன் அதன் ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்த்து, வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அதிகாலையில் செல்வதிலும் ஓர் இடையூறு உண்டு. கண்ணாடிவிரியனும் கட்டுவிரியனும் இருளில் நடமாடுபவை. வரப்பிலும் வைக்கோற்போர் அருகிலும் இருட்டில் நாயை முன்னே விட்டுச் செல்லலாகாது. கையில் நல்ல வெளிச்சமுள்ள டார்ச்சு விளக்கும், நாயின் கழுத்தில் குட்டையான கயிறும் இருக்கட்டும். மிதித்துத் தேய்ந்த வண்டித்தடமும் ஏரிக்கரையும் ஏற்றவை. புதர் மண்டிய கால்வாய்க்கரை ஆகாது. அறுவடையான தாளடியில் ஓடவிட்டால் பாதம் குத்துப்படும். சீமைக்கருவேல முள்ளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கடிக்கும் நாய் என்று அஞ்சி வாயைத் துணியாலோ கயிற்றாலோ இறுக்கிக் கட்டி அழைத்துச் செல்லும் வழக்கம் உடனே ஒழிய வேண்டும். வாய் திறந்து இளைக்க முடியாத நாய்க்குக் குளிர்ச்சி பெற வேறு மார்க்கமில்லை. வாயை முழுதும் திறக்க இடமளிக்கும் கூடை வடிவான மூடியே தகுந்தது.

நீரும் உணவும்

இருபது கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் வேண்டும். கோடையில் பயிற்சியும் சேர்ந்தால் அதனினும் இருமடங்கு, சில சமயம் அதற்கு மேலும் செல்லும். புறப்படுமுன் சிறிது, நடுவில் சிறிது, திரும்பிச் சற்று இளைப்பு அடங்கியதும் வேண்டுமட்டும் என்று கொடுக்கலாம். மாட்டுக்குக் கொடுப்பதுபோல் உப்புக் கலந்த நீர் கொடுப்பது வீண். வியர்வையில் உப்பு இழக்கும் பிராணியல்லாத நாய்க்கு அதனால் தாகம் அதிகரிப்பதைத் தவிர லாபமில்லை.

வயிறு நிறைய உண்டவுடன் ஓடச் செய்தலும், ஓடியவுடன் உணவிடுதலும் கூடாது. இராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் உண்டு. சில மணி நேரத்தில் கொல்லக்கூடியது. திரும்பி வந்து ஒரு மணி நேரம் கழித்து உணவிடுவது நன்று.

பம்புசெட் உள்ள குடியானவனுக்கு நகரத்தானுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. தண்ணீர் விழும் தொட்டியில் நாயை இறக்கி நீந்தச் செய்வதைப் போன்ற கோடைப் பயிற்சி வேறில்லை. பத்து நிமிஷ நீச்சல் உடல் முழுவதற்கும் வேலை கொடுத்துக் குளிர்ச்சியும் தரும். நாய் தானாக ஏறி வெளிவரப் படியோ சரிவுக் கல்லோ அமைத்திருக்க வேண்டும். வற்றிப் பச்சை படர்ந்த குட்டையில் இறக்கலாகாது. அதன் பாசியிலும் விஷமுண்டு. கைப்பிடிச் சுவரில்லாத தரைக்கிணறுகள் இம்மாவட்டத்தில் இன்னும் பல உள்ளன. தாகம் கொண்ட நாய் நீரின் மணத்தைப் பின்பற்றிச் சென்று அவற்றுள் விழுவதுண்டு. கிணற்றைச் சுற்றி முள்வேலியிட்டு, வெளியே ஒரு பழைய கல்தொட்டியில் நீர் வைத்தால் நாய் மாத்திரமின்றிக் கன்றும் கோழியும் பிழைக்கும்.

வெயில் தாக்கிய நாய்க்குச் சிகிச்சை

நாக்கு அகன்று நுனி சுருண்டு வெளியே நீண்டு தொங்குதல், இளைப்பு அடங்காமை, உமிழ்நீர் கெட்டிப்பட்டு நூலிழுத்தல், ஈறு செங்கல் நிறமாகச் சிவத்தல் ஆகியவை முதல் அடையாளங்கள். இந்நிலையில் பயிற்சியை நிறுத்தி நிழலிற் சேர்த்தாலே பெரும்பாலும் தேறிவிடும். வாந்தி, தள்ளாட்டம், அழைப்புக்கு விழிக்காமை, ஈறு வெளுத்தல் அல்லது நீலம் பாரித்தல் ஆகியவை தோன்றினால் ஒவ்வொரு நிமிஷமும் விலையுயர்ந்தது.

அப்பொழுது நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவதே முதற்கடமை என்று பலரும் நினைக்கின்றனர். அது சரியன்று. முதலில் குளிர்வித்தல், பிறகு கொண்டு செல்லுதல் என்பதே கால்நடை மருத்துவ உலகம் இன்று ஒப்புக்கொண்டுள்ள முறை. கையில் கிடைத்த நீரை உடனே உடல் முழுவதும், முக்கியமாக வயிறு, தொடையிடுக்கு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில், தாராளமாக ஊற்றிக்கொண்டே இருந்து, விசிறியாலோ மடித்த துண்டாலோ இடைவிடாது வீச வேண்டும். குளிர்ந்த நீர் ஊற்றினால் ஜன்னி காணும் என்று அஞ்சி வெதுவெதுப்பான நீருக்காகக் காத்திருந்த பழைய முறை கைவிடப்பட்டுவிட்டது. இளமையும் வலிமையுமுள்ள நாயை, அறிவு தெளிவாயிருந்தால், தலை நீருக்கு மேல் இருக்கும்படி தொட்டியிலேயே இறக்கலாம். வெயிலில் கிடந்த ரப்பர்க் குழாயிலும் மாடித் தொட்டியிலும் முதலில் வரும் நீர் சுடும். அதனை வழியவிட்டுப் பின்னரே நாயின்மேல் பாய்ச்ச வேண்டும். ஈரச் சாக்கைப் போர்த்தி அப்படியே விட்டுவிடுதல் தவறு. சற்று நேரத்தில் அதுவே சூடேறி ஆவி வெளிச்செல்லாமல் தடுத்துவிடும். தானாகக் குடிக்க இயலாத நாயின் வாயில் நீரைப் புகட்டினால் அது நுரையீரலுட் சென்று வேறு கேடு விளைக்கும்.

காய்ச்சல் பார்க்கும் கருவி இருந்தால் ஆசனவாயில் வைத்து, 103 டிகிரிக்கு இறங்கியதும் நீர் ஊற்றுவதை நிறுத்தலாம். அதன் பின்பும் குளிர்வித்தால் உஷ்ணம் அளவுக்கு மீறி இறங்கும். கருவி இல்லையெனில், இளைப்புத் தணிந்து நாய் தலை நிமிரும் வரை நனைத்துவிட்டு, சன்னல்களைத் திறந்த வண்டியில் ஈரத்தோடு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியின் உதவியைக் கேட்கலாம். எழுந்து வாலை ஆட்டிவிட்டது என்று வீட்டிலேயே நிறுத்திக்கொள்வது சரியன்று. சிறுநீரகக் கோளாறும் இரத்தம் உறையாமையும் ஒரு நாள், இரண்டு நாள் கழித்தே வெளிப்படுவதுண்டு. அதற்குள் சிரையில் மருந்துநீர் ஏற்றினால் பிழைக்கக்கூடிய நாய், தாமதத்தினால் மடியும்.

கிராம அலுவலர்களுக்கும் ஊராட்சியினருக்கும் ஒரு வார்த்தை. நாய் விஷம் வைத்துக் கொல்லப்பட்டதாக முறையீடு வருமிடத்து, அன்று அந்நாய் எங்கே எவ்வளவு நேரம் ஓடிற்று, வெயிலில் கட்டிக் கிடந்ததா, தண்ணீர் இருந்ததா என்ற மூன்றையும் முதலில் விசாரித்து, கூடுமானால் கால்நடை உதவி மருத்துவரைக் கொண்டு பிரேத பரிசோதனையும் செய்வித்தால், அநாவசியமான பகை பல முளையிலேயே அடங்கிவிடும்.

ஒரு முறை வெயில் தாக்கிப் பிழைத்த நாய் மறுமுறையும் எளிதில் தாக்குண்ணும். மருத்துவர் அனுமதிக்கும் வரை அதற்கு எவ்விதப் பயிற்சியும் கூடாது. அனுமதித்த பின்பும் அந்தக் கோடை கழியும் மட்டும் வாசலுக்கும் கொல்லைப்புறத்துக்குமான நடையே அதற்குப் போதும். ஓட்டத்தை ஐப்பசி மழை இறங்கித் தரை குளிர்ந்த பின், ஐந்து நிமிஷத்திலிருந்து தொடங்கிச் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொள்ளலாம்.